கொழகொழப்பில்தான் பயன்: ஓட்ஸ் பற்றி வாசகர் கேள்விகள்

கடந்த சில வாரங்களாக இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் ஓட்ஸ் குறித்தவையே மிகுதி. அவற்றுள் ஒன்றையொன்று தொடும் ஆறு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மருத்துவர் சொன்னதால் நானும் என் கணவரும் இரண்டு வாரமாகக் காலை எட்டு மணிக்கு ஓட்ஸ் கஞ்சி சாப்பிடுகிறோம். பாலில் வேகவைத்து, பேரீச்சம்பழமும் தேனும் சேர்க்கிறேன். ஒன்பதரை மணிக்குள் வயிறு உப்பிவிடுகிறது. வாயுத் தொல்லை வேறு. வயிற்றுக்கு நல்லது என்று எல்லோரும் சொல்லும் உணவு எங்களுக்கு மட்டும் ஏன் இப்படிச் செய்கிறது? நிறுத்திவிடலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: ஓட்ஸை நிறுத்த வேண்டாம், முதலில் பாலை நிறுத்திப் பாருங்கள். நீங்கள் நேரத்தைக் குறித்து எழுதியிருப்பது எனக்குப் பெரிதும் உதவியது. ஓட்ஸின் நார்ச்சத்து இரைப்பையிலோ சிறுகுடலிலோ செரிப்பதில்லை. அது பெருங்குடலைச் சென்றடைந்த பிறகே அங்குள்ள நுண்ணுயிரிகள் அதை நொதிக்கவைக்கின்றன. வாயு உண்டாவதும் அப்போதுதான். கெட்டியான கஞ்சி அவ்வளவு தொலைவு செல்லப் பொதுவாகப் பல மணி நேரம் ஆகும். ஒன்றரை மணி நேரத்தில் வயிறு உப்புகிறது என்றால், விரைவாகக் கீழிறங்கும் வேறொன்றின் மீதுதான் சந்தேகம் கொள்ள வேண்டும். தென்னிந்தியர்களில் பலருக்குக் குழந்தைப் பருவம் கடந்ததும் பாற்சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் என்ற நொதி குறைந்துவிடுகிறது. காப்பியில் சேரும் சிறிதளவு பால் அவர்களுக்குத் தொல்லை தராது. ஒரு கிண்ணக் கஞ்சிக்கு ஊற்றும் கால் லிட்டர் பால் தரும். தேனில் உள்ள ஃபிரக்டோஸ் மிகுந்தாலும் இதே நிலைதான். ஆகவே ஒரு வாரம் தண்ணீரில் வேகவைத்து, உப்பும் சீரகமும் மட்டும் சேர்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள். புளிப்பில் பாற்சர்க்கரை ஓரளவு குறைந்துவிடுவதால் மோர் பலருக்கும் ஒத்துக்கொள்ளும்.

பாலை விட்ட பின்னும், பிற்பகலிலோ மாலையிலோ உப்புசம் இருக்குமானால், அப்போது அது ஓட்ஸின் வேலையாக இருக்கலாம். அதற்குக் காரணம் பெரும்பாலும் அளவும் வேகமும்தான். நார்ச்சத்து குறைந்த உணவுக்கே பழகிப்போன குடலில் அதை உண்டு வாழும் நுண்ணுயிரிகள் குறைவாகவே இருக்கும். திடீரென்று நாள்தோறும் ஒரு பெரிய கிண்ணம் வந்து இறங்கினால் தொல்லைதான். முதல் வாரம் ஒரு வேளைக்கு இரண்டு மேசைக்கரண்டி உலர்ந்த ஓட்ஸ் போதும். அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் மெதுவாக 40 கிராம் வரை உயர்த்தலாம். இந்த இடைவெளியில் பலருக்கும் குடல் பழகிக்கொள்கிறது. பொறுமையாக ஏற்றிய பிறகும் வலியோடு உப்புசம் தொடர்ந்தால், அதைப் பொறுத்துக்கொண்டு சாப்பிட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. மருத்துவரிடம் சென்று காரணத்தைக் கண்டறிய வேண்டும்.

கேள்வி: ஓட்ஸ் பாக்கெட்டில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 10 கிராம் நார்ச்சத்து என்று போட்டிருக்கிறது. நம் கேழ்வரகிலும் ஏறக்குறைய அதே அளவு இருப்பதாகப் படித்தேன். அப்படியிருக்க, ஓட்ஸில் மட்டும் என்ன தனிச்சிறப்பு? விளம்பரம்தானே?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. நீங்கள் படித்ததும் சரி. கேழ்வரகில் 100 கிராமுக்கு 11 கிராம் அளவுக்கு நார்ச்சத்து உண்டு. ஆனால் 'நார்ச்சத்து' என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பிடுவது ஒரே பொருளை அன்று. பருத்தி நூலும் வெந்தயத்தை ஊறவைத்தால் வரும் கொழகொழப்பும் நம் நொதிகளால் செரிக்க முடியாதவைதாம்; ஆயினும் இரண்டும் ஒன்றாகிவிடுமா? கேழ்வரகின் நார்ச்சத்தில் பெரும்பகுதி நீரில் கரையாதது. ஓட்ஸின் நார்ச்சத்தில் பாதியளவு நீரில் கரையும் வகை. அதில் முதன்மையானது பீட்டா குளுக்கன்.

பீட்டா குளுக்கன் என்பது குளுக்கோஸ் மணிகளை நீளமாகக் கோத்த சரம். மரத்திலும் பருத்தியிலும் உள்ள செல்லுலோஸும் அப்படிப்பட்ட சரமே. செல்லுலோஸில் எல்லா மணிகளும் ஒரே வகையில் கோக்கப்பட்டிருப்பதால் சரம் நேராக இருக்கிறது. நேரான சரங்கள் விறகுக் கட்டைப் போல நெருங்கி அடுக்கிக்கொள்வதால் இடையில் தண்ணீர் நுழைய இடமில்லை. ஓட்ஸின் சரத்திலோ, மூன்று அல்லது நான்கு மணிகளுக்கு ஒரு முறை பிணைப்பின் வகை மாறி அங்கே ஒரு வளைவு விழுகிறது. வளைந்த சரங்களால் நெருங்கி அடுக்கிக்கொள்ள முடியாது. தண்ணீர் உள்ளே புகுகிறது, சரங்கள் விரிந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. கஞ்சி ஆறும்போது நாம் காணும் கொழகொழப்பில் மாவுச்சத்துக்கும் பங்கு உண்டு என்றாலும், மாவுச்சத்து குடலில் செரிந்து மறைந்த பிறகும் எஞ்சி நிற்கும் கொழகொழப்பு இந்தச் சிக்கலிலிருந்து வருவது. இத்தனை சிறிய வேதியியல் வேறுபாட்டிலிருந்து இவ்வளவு பெரிய விளைவு பிறப்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது.

இந்தக் கொழகொழப்பு குடலில் என்ன செய்கிறது? இரைப்பை காலியாவது தாமதப்படுகிறது. சிறுகுடலில் நொதிகள் மாவுச்சத்தைச் சென்றடைவதும், செரித்த குளுக்கோஸ் குடல்சுவரைச் சென்றடைவதும் மெதுவாகின்றன; அதனால் சாப்பாட்டுக்குப் பின் இரத்தத்தில் சர்க்கரை செங்குத்தாக ஏறாமல் சரிவாக ஏறுகிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் நடப்பது இன்னும் சுவையானது. கொழுப்பைச் செரிக்கக் கல்லீரல் அனுப்பும் பித்த அமிலங்களில் பெரும்பகுதி அங்கேதான் மீண்டும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குத் திரும்பும். கொழகொழப்பான கலவையில் சிக்கியவை திரும்ப முடியாமல் மலத்தோடு வெளியேறுகின்றன. இழந்ததை ஈடுகட்டக் கல்லீரல் புதிய பித்த அமிலம் செய்தாக வேண்டும்; அதற்கான மூலப்பொருள் கொலஸ்ட்ரால் என்பதால், அதை இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது.

விளம்பரம்தானே என்று கேட்டீர்கள். இதே கேள்வியை அறிவியலாளர்களும் கேட்டிருக்கிறார்கள். ஓட்ஸ் சேர்த்த ரொட்டி கொலஸ்ட்ராலைக் குறைப்பதாக நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1963இல் எழுதினார்கள். 1980களின் இறுதியில் அமெரிக்காவில் ஓட்ஸ் தவிட்டுக்கு ஒரு பெரும் மோகமே ஏற்பட்டது. ஓட்ஸ் சாப்பிடுபவர்கள் கொழுப்பு மிகுந்த உணவைக் குறைத்துக்கொள்வதால்தான் கொலஸ்ட்ரால் குறைகிறதே தவிர ஓட்ஸுக்கென்று தனித்த ஆற்றல் இல்லை என்று 1990இல் ஒரு மறுப்பும் எழுந்தது. 1995இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் சொன்னது. அறுவைச் சிகிச்சையால் பெருங்குடல் நீக்கப்பட்டு, சிறுகுடலின் கழிவு வயிற்றுத் துளை வழியே வெளியேறும் நிலையில் இருந்தவர்கள் அதில் பங்கேற்றார்கள். அவர்களுக்கு ஒரு கட்டத்தில் ஓட்ஸ் தவிடு சேர்த்த ரொட்டியும், இன்னொரு கட்டத்தில் பீட்டா குளுக்கனைத் துண்டாக்கும் நொதியைக் கலந்து செய்த அதே ரொட்டியும் கொடுக்கப்பட்டன. தவிடு அதேதான், ஆனால் சரம் துண்டானபோது வெளியேறும் பித்த அமிலம் கணிசமாகக் குறைந்துவிட்டது. ஆகவே, இதில் நார்ச்சத்தின் எடையைக் காட்டிலும் சரத்தின் நீளத்துக்கே மதிப்பு அதிகம்.

கொழுப்பு குறைந்த உணவோடு நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கன் உட்கொண்டால் இதய நோய் வரும் வாய்ப்பு குறையலாம் என்று பாக்கெட்டில் குறிப்பிட, 1997இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதித்தது. அந்த 3 கிராமுக்கு ஏறத்தாழ 75 கிராம் உலர்ந்த ஓட்ஸ் வேண்டும். ஒரு வேளைக் கஞ்சிக்கு நாம் வழக்கமாகப் போடும் 30, 40 கிராமில் பாதியளவே கிடைக்கும். கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் குறைவதும் பொதுவாக நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்கு வரையே. இது உண்மையான பயன், ஆனால் அளவான பயன். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை ஓட்ஸை நம்பி யாரும் நிறுத்திவிடக் கூடாது. அதே போல, ஓட்ஸுக்காகக் கேழ்வரகைக் கைவிடவும் வேண்டாம். அதன் அளவுக்குக் கால்சியம் ஓட்ஸில் இல்லை. அதன் கரையாத நார்ச்சத்துக்கும் குடலில் வேலை இருக்கிறது. கொழகொழப்பான அதே பீட்டா குளுக்கன் பார்லியிலும் உண்டு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: வேலைக்குப் போகும் அவசரத்தில் வெந்நீர் ஊற்றினால் தயாராகும் மசாலா ஓட்ஸ் சாப்பிடுகிறேன். சில நாள் இரவே ஊறவைத்துக் காலையில் வேகவைக்காமல் உண்கிறேன். என் தோழி முழு ஓட்ஸை உடைத்த வகைதான் நல்லது என்கிறாள். எல்லாம் ஓட்ஸ்தானே, இதில் என்ன வேறுபாடு?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தானியம் ஒன்றே; அது பட்ட பாடுதான் வேறு. ஓட்ஸில் கொழுப்பு மிகுதி என்பதால் உமி நீக்கியதும் விரைவில் காறிவிடும். அதைத் தடுக்க ஆலையிலேயே ஆவியில் வேகவைத்து உலர்த்துகிறார்கள். அதன் பிறகு அரிசி நொய்யைப் போல இரண்டு மூன்று துண்டாக வெட்டினால் அது உடைத்த ஓட்ஸ். முழு மணியை உருளைகளுக்கிடையே நசுக்கினால் தடித்த அவல். துண்டுகளை மேலும் வேகவைத்து மெல்லிய தாளாக நசுக்கினால் உடனடி ஓட்ஸ். நம் வீட்டுக் கெட்டி அவலுக்கும் பேப்பர் அவலுக்கும் உள்ள வேறுபாடே இங்கும்.

மொத்த நார்ச்சத்தில் இம்மூன்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் செரிமானத்தில் உண்டு. தடித்த துண்டில் செல்சுவர்கள் சிதையாமல் இருப்பதால் உள்ளிருக்கும் மாவுச்சத்தை நொதிகள் மெதுவாகவே எட்டுகின்றன. உணவு இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் வேகத்தைக் குறிக்கும் கிளைசிமிக் குறியீடு, உடைத்த ஓட்ஸுக்கும் தடித்த அவலுக்கும் 55ஐ ஒட்டி இருக்க, உடனடி ஓட்ஸுக்கு 75ஐ ஒட்டி ஏறிவிடுகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது புறக்கணிக்கத்தக்க வேறுபாடன்று. மசாலா பாக்கெட்டில் இதோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. ஒரு பாக்கெட்டில் ஓட்ஸ் எத்தனை கிராம், சோடியம் எத்தனை மில்லிகிராம் என்ற இரண்டையும் பின்பக்கத்தில் படித்துவிட்டு வாங்குங்கள். முன்பக்கத்துப் படம் எதையும் சொல்லாது.

இரவில் ஊறவைத்து வேகவைக்காமல் உண்பதில் தவறில்லை. ஆலையிலேயே ஆவியில் வெந்ததுதான் அது. குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும், அவ்வளவே. ஆனால் கஞ்சியைப் பல நாளுக்குச் சேர்த்துச் செய்து உறைபெட்டியில் வைத்து உருக்கும் பழக்கத்தை நான் ஊக்குவிப்பதில்லை. ஓட்ஸ் தவிட்டு மஃபின்களைப் பல முறை உறையவைத்து உருக்கியபோது சரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மீண்டும் நீரில் கரையும் தன்மை குறைந்ததையும், அதோடு சர்க்கரை ஏற்றத்தை மட்டுப்படுத்தும் ஆற்றல் குறைந்ததையும் ஆய்வில் கண்டிருக்கிறார்கள். கோதுமை மாவோடு ஓட்ஸ் மாவைச் சேர்த்துப் பிசைந்து, ஈஸ்ட் போட்டு நெடுநேரம் புளிக்கவைத்துச் சுடும் ரொட்டியில் இன்னொரு இழப்பு நேர்கிறது. கோதுமை மாவிலுள்ள நொதிகள் சரத்தைத் துண்டாக்கிவிடுகின்றன. சப்பாத்திக்குக் கலப்பதானால் பிசைந்ததும் சுட்டுவிடுவது நல்லது.

வீட்டில் நான் அடிக்கடி காணும் ஒரு தவறையும் இங்கே சொல்ல வேண்டும். கொழகொழப்பு பிடிக்காமல், வெந்த ஓட்ஸைத் தண்ணீர் விட்டு அலசி, வடிகட்டி உப்புமாவாகத் தாளிக்கிறார்கள். வடிகட்டிக் கொட்டும் அந்தத் தண்ணீரில்தான் கரைந்த பீட்டா குளுக்கன் போகிறது. உதிரியாக வேண்டுமானால் வெறும் வாணலியில் ஓட்ஸை வறுத்துக்கொண்டு, அளவான தண்ணீரைத் தெளித்து மூடிவைத்து வேகவிடுங்கள். நார்ச்சத்து முழுவதும் தட்டிலேயே இருக்கும். தண்ணீர் குடித்தால் வயிற்றுக்குள் போய்க் கொழகொழக்கும்.

கேள்வி: என் தந்தைக்கு 72 வயது. நாள்பட்ட மலச்சிக்கல். ஒரு மாதமாக ஓட்ஸ் கொடுத்தும் பெரிய மாற்றமில்லை. சில நாள் இன்னும் இறுகிப்போகிறது. நார்ச்சத்து மலச்சிக்கலைப் போக்கும் என்பது பொய்யா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: பொய்யில்லை, ஆனால் இந்த ஒரு வேலையில் ஓட்ஸ் முதலிடத்தில் இல்லை. கோதுமைத் தவிட்டின் கரையாத நார்ச்சத்து நொதிக்காமல் கடைசி வரை வந்து, தண்ணீரைப் பிடித்துவைத்து மலத்தைப் பெருக்குகிறது. ஓட்ஸின் பீட்டா குளுக்கனோ பெருங்குடலில் ஏறத்தாழ முழுவதும் நுண்ணுயிரிகளுக்கு உணவாகிவிடுகிறது. அதனால் பெருகும் நுண்ணுயிரிகளின் உடல்களும், நொதிக்காமல் எஞ்சும் பகுதியும்தான் மலத்தின் அளவைக் கூட்டுகின்றன. உட்கொள்ளும் நார்ச்சத்து ஒவ்வொரு கிராமுக்கும் மலத்தின் எடை கோதுமைத் தவிட்டில் ஏறத்தாழ 5 கிராம் கூடுகிறது என்றால், ஓட்ஸில் மூன்று, மூன்றரை கிராம் அளவே கூடுகிறது.

நொதிப்பதால் பயனில்லை என்று எண்ணிவிட வேண்டாம். அப்போது உண்டாகும் அசிட்டிக், புரோபியானிக், பியூட்டிரிக் அமிலங்களில் பியூட்டிரிக் அமிலமே பெருங்குடல் உட்சுவரின் செல்களுக்கு முதன்மையான எரிபொருள். குடல்சுவர் உறுதியாக இருப்பதற்கும், உள்ளே அமிலத்தன்மை சற்றுக் கூடித் தீமை செய்யும் நுண்ணுயிரிகள் பெருகாமல் இருப்பதற்கும் அது துணைபுரிகிறது. குடலின் நலம் என்பது மலம் எளிதாகக் கழிவது மட்டுமன்று.

உங்கள் தந்தைக்கு உடனடித் தேவை மலம் இளகுவது. மூன்று காரியம் செய்து பாருங்கள். முதலில், அவர் குடிக்கும் தண்ணீரை ஒரு நாள் அளந்து பாருங்கள். வயது ஏற ஏறத் தாகம் தெரிவது குறையும், இரவில் எழ வேண்டுமே என்று தண்ணீரைத் தவிர்ப்பவர்களும் உண்டு. ஈரமின்றி நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் நீங்கள் எழுதியது போல இறுகத்தான் செய்யும். இதயமோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்டு, தண்ணீருக்கு மருத்துவர் அளவு விதித்திருந்தால் அதை மீறக் கூடாது. இரண்டாவது, ஓட்ஸோடு கீரை, கொய்யா, அவரை, கொத்தவரை என்று கரையாத நார்ச்சத்தும் சேர வேண்டும். மூன்றாவது, இசப்கோல். அது ஓட்ஸைப் போலக் கொழகொழத்தாலும் நுண்ணுயிரிகளால் எளிதில் நொதிக்கப்படுவதில்லை. அந்த வழவழப்பு கடைசி வரை தங்குவதால் மலத்தை இளக்குவதில் ஓட்ஸை விடச் சிறந்தது. ஒரு தம்ளர் தண்ணீரில் கலந்த உடனே குடித்துவிட்டு, மேலும் ஒரு தம்ளர் தண்ணீர் அருந்த வேண்டும். விழுங்குவதில் சிரமம் இருப்பவர்களுக்கும், குடலில் அடைப்போ சுருக்கமோ இருப்பவர்களுக்கும் அதைத் தரக் கூடாது.

அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டுங்கள். இரும்புச்சத்து மாத்திரையும், சில வலி மாத்திரைகளும், சில இரத்த அழுத்த மாத்திரைகளும் மலச்சிக்கலை உண்டாக்கும். மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, அண்மையில் மாறிய மலப் பழக்கம் இவற்றில் எது இருந்தாலும் உணவில் மாற்றம் செய்துகொண்டு காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: என் மகளுக்குச் சீலியாக் நோய். கோதுமை அறவே கூடாது என்றார்கள். ஓட்ஸ் கொடுக்கலாமா?
- வாசகி, சென்னை

பதில்: கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஓட்ஸைக் கொடுக்கக் கூடாது. ஓட்ஸில் இருக்கும் புரதம் அவெனின். அது, சீலியாக் நோயாளிகளின் குடலைப் பாதிக்கும் கோதுமைப் புரதமான குளூட்டன் அன்று. ஆனால் வயலிலும் லாரியிலும் ஆலையிலும் கோதுமை, பார்லி மணிகள் அதில் கலந்துவிடுகின்றன. ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லை என்று சான்று பெற்ற ஓட்ஸ் தனியே விற்கிறது. பெரும்பாலான நோயாளிகளுக்கு அது ஒத்துக்கொள்ளும். எனினும் மிகச் சிலருடைய குடல் அவெனினையே எதிர்க்கிறது. ஆகவே மகளின் குடல் ஆறி, இரத்தப் பரிசோதனை முடிவு இயல்புக்குத் திரும்பும் வரை காத்திருந்து, அதன் பிறகு மருத்துவரின் கண்காணிப்பில் சிறிதளவில் தொடங்குங்கள்.

கேள்வி: தைராய்டு மாத்திரையைக் காலை ஓட்ஸ் கஞ்சியோடு சேர்த்து எடுக்கலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: கூடாது. குளுக்கோஸையும் பித்த அமிலத்தையும் தாமதப்படுத்தும் அதே நார்ச்சத்து மாத்திரையையும் முழுதாக உறிஞ்சவிடாது. கஞ்சியில் பால் சேர்ந்தால் அதன் கால்சியமும் குறுக்கே நிற்கும். எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் கஞ்சி குடியுங்கள். காப்பிக்கும் இதே இடைவெளி வேண்டும். இதுவரை இரண்டையும் சேர்த்தே எடுத்துவந்தீர்கள் என்றால், உங்கள் மாத்திரையின் அளவு அந்தப் பழக்கத்துக்கேற்ப முடிவு செய்யப்பட்டிருக்கும். பழக்கத்தை மாற்றப்போவதை மருத்துவரிடம் சொல்லிவிட்டு, மாற்றிய ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்எச் எனப்படும் தைராய்டு இரத்தப் பரிசோதனையை மறுபடி செய்துகொள்ளுங்கள்.